மலையில்லாத ஊரில் இரண்டு மலைகள்

ஐஸ் சாப்பிடாமலே ஐஸ் குச்சி வாங்கலாம் என்பதை அந்த ஃபேன்சி ஸ்டோரில்தான் தெரிந்துகொண்டேன். ஐம்பது குச்சி ஒரு கட்டு. அதையொட்டி ஜிகினாத் தூள், பஞ்சு உருண்டை, பொம்மைக்கு ஒட்டும் கண், பளபளக்கும் வண்ணத்தாள் என்று ஒரு பக்கச் சுவர் முழுக்கத் தொங்கியது. கையில் பட்டியலோடு நின்றிருந்த இளம்பெண் என்னைப் பார்த்ததும் பட்டியலை மடித்துக்கொண்டார். எங்கள் பயிற்சி நிறுவன மாணவி. தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. மறுநாள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியொன்றில் மூன்றாம் வகுப்புக்குக் கலைப் பாடம் எடுக்க வேண்டும். பாடத்தின் தலைப்பு, ‘பயனற்ற பொருளிலிருந்து பயனுள்ள பொருள்’. பயனற்ற பொருளுக்கு அன்று அவருக்கான செலவு 340 ரூபாய்.

சிரிப்பு வந்தது; சிரிக்க முடியவில்லை. இதுபோன்ற கலை ரெக்கார்டுகளில் பல ஆண்டுகள் கையெழுத்துப் போட்டவன் நான். ஒட்டியது நேராக இருக்கிறதா, ஓரம் பிசிறில்லாமல் வெட்டப்பட்டிருக்கிறதா, பக்கத்துக்குப் பார்டர் போட்டிருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் கொடுத்திருக்கிறேன். இதை வகுப்பில் எந்தக் குழந்தையாவது தொட்டதா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அந்த 340 ரூபாயில் எனக்கும் பங்குண்டு.

மூக்கா, தும்பிக்கையா?

மறுநாள் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். காவிரிப் பாசனத்தின் கடைமடைக் கிராமம். இருபத்தெட்டுக் குழந்தைகள். யூடியூபில் பார்த்துவைத்த ‘பனி மனிதன்’தான் பாடம். கறுப்புத் தாளில் பஞ்சால் மூன்று உருண்டை, ஐஸ் குச்சியில் இரண்டு கை, ஆரஞ்சுத் தாளில் கூம்பாக ஒரு மூக்கு. பாடவேளைக்குள் முடியாது என்று பயந்து, இரவெல்லாம் விழித்து எல்லாவற்றையும் அவரே வெட்டிக் கொண்டுவந்திருந்தார். குழந்தைகளுக்கு மிச்சமிருந்தது ஒட்டுகிற வேலை. பத்து நிமிடத்தில் ஒட்டி முடித்துவிட்டார்கள்.

முன்வரிசைச் சிறுவன் ஒருவன் தன்னுடையதைத் தூக்கிப் பிடித்து, “டீச்சர், பிள்ளையார் முடிஞ்சிட்டாரு” என்றான். ஆரஞ்சுக் கூம்பை நசுக்கி, நுனியை வளைத்துத் தும்பிக்கையாகவே ஒட்டியிருந்தான். வெள்ளை உடம்பு, குண்டு வயிறு, முகத்தில் நீண்டிருப்பது ஒன்று. மார்கழிக் கோலத்தின் நடுவில் சாணிப் பிள்ளையாரையும் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாரையும் பார்த்து வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? பக்கத்தில் இருந்த சிறுமி, “அப்பக் காது எங்கடா?” என்று கேட்டு, மிச்சத் தாளில் காது கிழிக்க ஆரம்பித்துவிட்டாள். ஆசிரியருக்கு முகம் சுருங்கியது. பின்னால் நான் வேறு உட்கார்ந்திருக்கிறேன். கூம்பைப் பிய்த்து நேராக ஒட்டச் சொன்னார். ஒட்டினான். பிறகு அந்தத் தாளை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் பாடவேளையில் கலை என்று ஏதாவது நடந்திருந்தால், அது அந்தக் கூம்பு வளைந்த இடத்தில்தான் நடந்தது. அதை நிமிர்த்தியவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இருபத்தெட்டும் ஒரே அச்சாக இருந்தால்தான் பாடம் நடந்ததற்குச் சாட்சி என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள்.

“எனக்கு வரைய வராது சார்”

மதிய இடைவேளையில் மரத்தடியில் உட்கார்ந்து பேசினோம். “பிள்ளைங்களையே வரையவிட்டுப் பார்க்கலாமேம்மா?” என்றேன்.

“தப்பா வரைஞ்சா நான் திருத்திக் காட்டணும்ல சார்? எனக்கே வரைய வராது.”

அறிவியல் நோட்டுப் படங்களைத் தவிர்த்துவிட்டால், கடைசியாக அவர் வரைந்தது எட்டாம் வகுப்பில். என் நோட்டை நீட்டி, தோன்றுவதை வரையச் சொன்னேன். சற்றுத் தயங்கியவர் பிறகு மளமளவென்று வரைந்துவிட்டார். இரண்டு மலை. நடுவில் பாதிச் சூரியன். அங்கிருந்து வளைந்து இறங்கும் ஆறு. ஓட்டு வீடு, சாய்ந்த தென்னை. வானத்தில் ‘3’ஐக் குப்புறக் கவிழ்த்தது போல் நாலைந்து பறவைகள்.

இந்தப் படத்தை வரையாமல் பள்ளிக்கூடம் தாண்டிய தமிழர் அநேகமாக இருக்க மாட்டார். நானும் வரைந்தவன்தான். ஆனால், அந்த மரத்தடியில் அதைப் பார்த்தபோது சுருக்கென்றது. கடைமடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வயல்தான். மேடு என்றால் ஆற்றங்கரை. உயரம் என்றால் கோபுரமும் செல்போன் டவரும். சூரியன் வரப்பிலிருந்துதான் கிளம்பும். அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு, ‘ஏதாவது வரை’ என்றால் கைக்கு வருவது இரண்டு மலை! பனி மனிதன் செல்போன் வழியாக நேற்று வந்தவன். இந்த மலைகளோ தலைமுறை தலைமுறையாக நம் வகுப்பறைகளில் பட்டா வாங்கிக் குடியிருப்பவை.

அந்தப் பறவைகளுக்கும் ஒரு கதை உண்டு. ஆஸ்திரியாவில் பிறந்தவர் விக்டர் லோவன்ஃபெல்ட். 1938இல் ஹிட்லரின் படை வியன்னாவுக்குள் புகுந்தபோது நாட்டைவிட்டு வெளியேறி, பின்னர் அமெரிக்காவில் கலைக் கல்விப் பேராசிரியராக இருந்தவர். 1947இல் வெளியான அவருடைய நூல் குழந்தை ஓவியம் பற்றிப் பேசுகிற எவரும் தாண்டிப்போக முடியாதது. அச்சிட்ட படத்துக்கு வண்ணம் தீட்டும் பயிற்சி என்ன செய்யும் என்பதை அதில் பறவையை வைத்தே காட்டுகிறார். முதலில் குழந்தை தான் பார்த்த பறவையைத் தன் போக்கில் வரைகிறது. பிறகு, பயிற்சிப் புத்தகத்தில் நாலு கோட்டில் அச்சடித்த பறவைக்கு வண்ணம் அடிக்கிறது. அதன்பின் அது சொந்தமாக வரையும் பறவையும் புத்தகப் பறவையாகவே வருகிறது. காக்கை, கொக்கு, மைனா எல்லாம் போய்விடுகின்றன. நம் வானத்தில் குப்புறக் கிடக்கும் ‘3’ அப்படி வந்ததுதான்.

குழந்தை ஓவியத்தின் வளர்ச்சியையும் அவர் வயதுவாரியாகப் பிரித்தார். இரண்டிலிருந்து நான்கு வயதுவரை கிறுக்கல். நான்கிலிருந்து ஏழுவரை தலையிலிருந்தே கால் முளைத்த மனிதர்கள். ஏழிலிருந்து ஒன்பதுவரை தாளின் அடியில் தரைக்கோடு ஒன்று இழுத்து, உலகத்தையே அதன்மேல் நிறுத்திவைக்கிற காலம். ஒன்பதைத் தாண்டும்போது, ‘நிஜம் மாதிரி இல்லையே’ என்ற கூச்சம் தொடங்குகிறது. பெரும்பாலானோர் அந்தக் கூச்சம் முற்றும்போது பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறோம். அந்தப் பயிற்சி ஆசிரியரும் அங்கே நின்றுபோனவர்தான், நானும்.

அப்படியானால், ஐந்து வயது முதல் பத்து வயதுவரையிலான தொடக்கப் பள்ளிக் காலம் என்பது ஒரு மனிதர் கூச்சமில்லாமல் கோடிழுக்கும் கடைசி ஐந்தாண்டுகள். அந்த ஐந்தாண்டுகளில்தான் பிறர் வெட்டிய பஞ்சை ஒட்டச் சொல்கிறோம்.

வீட்டிலிருந்து பள்ளிவரை

அடுத்த வாரம் அவர் கடைக்குப் போகவில்லை. வீட்டிலிருந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளும் ஒரு பக்கம் அச்சான தாள்களும் சேர்த்து எடுத்துவந்தார். அடுப்புக்கரி, செங்கல் தூள், குழைத்த மஞ்சள். அரசு விலையில்லாமல் வழங்கும் வண்ணப் பென்சில் எல்லோரிடமும் இருந்தது. தலைப்பு, ‘வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழி’. கரும்பலகையில் மாதிரி எதுவும் வரையவில்லை.

முதல் பத்து நிமிடம் அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. “நீங்க போர்டுல வரைங்க டீச்சர், நாங்க பாத்துப் போடுறோம்” என்று வகுப்பே நச்சரித்தது. ஏழெட்டுப் பேர் தாளில் அதற்குள் இரண்டு மலை முளைத்துவிட்டது. அவர் அழிக்கச் சொல்லவில்லை. ஒவ்வொருவர் அருகிலும் போய்க் குந்திக்கொண்டார். “வாசல்ல யாரு உக்காந்திருப்பாங்க?” “எங்க திரும்புவ?” “அங்க என்ன வாசனை வரும்?” என்று கேட்டுக்கொண்டே போனார். மலையடிவாரத்தில் மெல்ல மெல்லச் சைக்கிள் கடை வந்தது. கருவாட்டுக் கூடை வந்தது.

ஒரு சிறுவனின் தாளில் வீடு கட்டைவிரல் அளவு. நாய் உள்ளங்கை அளவு.

“நாய் இவ்ளோ பெருசாவாடா இருக்கும்?”

“அது குலைக்கும்போது இவ்ளோ பெருசாதான் டீச்சர் இருக்கும்.”

இன்னொரு தாளில், பேருந்தின் பக்கவாட்டுத் தகரமே இல்லை. உள்ளே இருக்கும் பதினான்கு தலையும் நடத்துநரின் தோல் பையும் தெரிந்தன. ஒரு சிறுமி வாய்க்காலை நடுவில் இழுத்து, இரு கரை மரங்களையும் இரண்டு பக்கமாகப் படுக்கவைத்திருந்தாள். பள்ளியை ஒரு கோட்டில் முடித்துவிட்டு, காலை உணவுக்கான பொங்கல் பாத்திரத்தை மட்டும் ஆவியோடு பெரிதாகப் போட்டிருந்தாள் வேறொருத்தி. இவை எதுவும் தவறில்லை. முக்கியமானதைப் பெரிதாக்குவது, உள்ளிருப்பதை வெளியே காட்டுவது, இரு கரையையும் மடித்து விரிப்பது எல்லாம் அந்த வயதின் இலக்கணம் என்று நூல்கள் சொல்கின்றன. நூல் சொல்லாததைக் குழந்தை சொன்னது: தினமும் அந்த நாயைத் தாண்டித்தான் அவன் பள்ளிக்கு வருகிறான். முந்தைய வாரம் இரண்டு நாள் அவன் ஏன் வரவில்லை என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

கை கழுவும் இடத்தில் இன்னொரு கூத்து. மஞ்சள் கையில் சோப்பைத் தேய்த்த சிறுமி, “டீச்சர், ரத்தம்!” என்று அலறினாள். கையெல்லாம் சிவப்பு. மஞ்சளில் காரம் பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது அதனால்தான். சுண்ணாம்பு பிஞ்சுக் கையைப் பொத்துவிடும். சோப்புத் தண்ணீரால் ஆபத்தில்லை. மறுநாள் அவர் நடத்தியது, மஞ்சள் பூசிய தாளில் சோப்புத் தண்ணீர் தொட்டு வரையும் பாடம். எலுமிச்சைச் சாறு விட்டால் சிவப்பு மறுபடி மஞ்சளாகும் என்பதைக் கண்டுபிடித்தவன் நாய்க்குப் பயந்த அதே சிறுவன். கலையா, அறிவியலா என்று பாடக் குறிப்பில் எழுதத் தெரியாமல் அவர் என்னிடம் வந்து நின்றார். எனக்கும் தெரியவில்லை.

கோலம் மட்டும் பார்த்துப் போடுவதில்லையா?

தலைமையாசிரியர் அம்மாவுக்கு மட்டும் இதில் ஒரு மனத்தாங்கல். “பார்த்துப் போடுறது தப்புன்னா, நாமெல்லாம் கோலம் எப்படி சார் கத்துக்கிட்டோம்?” என்றார். எளிதில் தள்ளிவிட முடியாத கேள்வி. நம் கைத்தொழில்கள் எல்லாமே பார்த்துச் செய்து படிந்தவை. பாட்டுப் படிப்பவரும் சிற்பம் செதுக்குபவரும் குருவைப் பார்த்துத்தான் தொடங்குகிறார்கள்.

ஆனால், கோலத்தில் அம்மா கையைப் பார்த்துச் சிறுமி கற்றுக்கொள்வது ஒரு படத்தையா, ஒரு முறையையா? புள்ளிக்குப் புள்ளி எப்படி வளைப்பது, எங்கே திரும்பினால் கோடு தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் என்பதையே கற்கிறாள். ஐந்து புள்ளிக்குத் தெரிந்தது ஏழு புள்ளிக்குப் போகிறது; ஒரு வருடத்தில் அம்மாவுக்குத் தெரியாத கோலத்தைப் போடுகிறாள். அந்த முறைக்குள் ஒரு இலக்கணம் இருப்பதால்தான், 1970களில் தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கோலத்தைக் கணினி அறிவியலின் வடிவ இலக்கணமாக ஆராய்ந்து எழுத முடிந்தது. வெட்டிவைத்த பனி மனிதனிலிருந்து குழந்தை அடுத்து எங்கே போகும்? இரண்டாவது பனி மனிதனுக்குத்தான். பார்த்துச் செய்வதில் குற்றமில்லை. பார்த்துச் செய்தபின் கைக்கு வழி திறக்கிறதா, அடைகிறதா என்பதே பார்க்க வேண்டியது.

சட்டத்தில் இல்லாத ஆசிரியர்

இதெல்லாம் ஓவிய ஆசிரியர் கவலைப்பட வேண்டியது என்று தோன்றலாம். தொடக்கப் பள்ளியில் ஓவிய ஆசிரியர் யார்? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்ட அட்டவணை, கலைக் கல்விக்குப் பகுதி நேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்புகளுக்கு, அதுவும் நூறு குழந்தைகளுக்கு மேல் இருந்தால். ஒன்று முதல் ஐந்துவரை அப்படியொரு ஏற்பாடே இல்லை. 2012இல் தமிழக அரசு 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதி நேரச் சிறப்பாசிரியர்களை எடுத்ததும் மேல் வகுப்புகளுக்குத்தான். அதே சட்டப்படி, அறுபது குழந்தைகள்வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்பு, எல்லாப் பாடம், பதிவேடு, செயலியில் ஏற்ற வேண்டிய விவரம் எல்லாம் அந்த இருவர் தலையில். ஓவிய ஆசிரியரும் அவர்கள்தான்.

ஆகவே, இன்று ஐஸ் குச்சி வாங்கிக்கொண்டிருக்கும் பயிற்சி மாணவிதான் நாளை ஒரு கிராமத்துக் குழந்தையின் ஒரே கலை ஆசிரியர். அவருக்கு வேறு மாற்று வரப்போவதில்லை. கலையைப் பத்தாம் வகுப்புவரை கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 2005 தேசியக் கலைத்திட்டத்துக்காக அமைக்கப்பட்ட கலைகளுக்கான குழு பரிந்துரைத்தது. காந்தியின் ஆதாரக் கல்வி நடந்த சேவாகிராமில் ஓவியம் கற்பித்த, சாந்திநிகேதனில் பயின்ற தேவி பிரசாத் தன் நூலுக்கு வைத்த தலைப்பே ‘கலை: கல்வியின் அடித்தளம்’ என்பது. சொல்வதற்கு ஆளில்லாமல் போனதில்லை நமக்கு. அந்தச் சொல் பயிற்சி நிறுவனத்தின் ரெக்கார்ட் நோட்டுக்குள் வரும்போது பார்டராகவும் ஜிகினாவாகவும் மாறிவிடுகிறது.

தமிழகத்தில் நல்லது நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தால் பாட்டும் கதையும் பொம்மலாட்டமும் தொடக்க வகுப்புகளுக்குள் வந்தன. அரசுப் பள்ளிகளின் கலைத் திருவிழா பின்னர் தொடக்க வகுப்புகளுக்கும் விரிந்தது. ஆனால், திருவிழா என்பது போட்டி. நன்றாக வரையும் ஒரு குழந்தையை அது மேடையேற்றும். மற்ற இருபத்தேழு பேருக்கு வெள்ளிக்கிழமை பிற்பகல் பாடவேளைதான் உண்டு. அதுவும் கணக்குப் பாடம் மிச்சமிருந்தால் இல்லை.

செய்யக்கூடியவை சில

முதலாவதாக, பயிற்சி நிறுவனங்களில் கலைப் பாடத்தின் தொடக்கம் ‘ப்ராஜெக்ட்’ ஆக இருக்கக் கூடாது. ஆசிரியராகப் போகிறவர் முதலில் தான் வரைய வேண்டும். தன் தெருவை, தன் கையை, தன் பாட்டியின் சுருக்குப் பையை. அழகாக வர வேண்டியதில்லை. பதின்மூன்று வயதில் கீழே வைத்த பென்சிலை மறுபடி எடுத்த ஒருவருக்குத்தான், குழந்தையின் கோணல் கோட்டின் அருமை தெரியும்.

அடுத்து, ரெக்கார்டில் ஆசிரியர் செய்த மாதிரிக்கு மதிப்பெண் கொடுப்பதை நிறுத்தலாம். அதற்குப் பதில், ஏதாவது மூன்று குழந்தைகளின் படங்களை ஒட்டி, ஒவ்வொன்றைப் பற்றியும் குழந்தை சொன்னதை அதன் வாய்மொழியிலேயே எழுதச் சொல்லலாம். ‘இது என்ன?’ என்று அதட்டாமல், ‘இதைப் பத்திச் சொல்லேன்’ என்று கேட்கத் தெரிந்தாலே கலை ஆசிரியருக்குரிய பாதிப் பயிற்சி முடிந்தது. எழுதப் படிக்கத் திணறும் குழந்தைகள் படத்தைக் காட்டி ஐந்து வாக்கியம் பேசுவதை அந்த வகுப்பில் பார்த்தேன். அந்த ஐந்தையும் ஆசிரியர் படத்துக்கு அடியில் எழுதிக் கொடுத்தபோது, அதுவே அவர்கள் திரும்பத் திரும்பப் படித்த பாடமானது. நேரமில்லை என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான்: மொழிப் பாடத்துக்கான நேரத்தைக் கலை தின்பதில்லை.

பெற்றோருக்கும் ஒன்று உண்டு. இரவு பத்து மணிக்கு நீங்கள் செய்து முடிக்கும் தெர்மாகோல் வீடு உங்களுடைய ப்ராஜெக்ட். குழந்தையை உறங்கவிட்டு, மறுநாள் அது செய்யும் கோணல் வீட்டைக் கொடுத்தனுப்புங்கள். பள்ளிகளும் அதை வாங்கிக்கொள்ளப் பழக வேண்டும்.

பயிற்சிக் காலம் முடிந்து அவருடைய ரெக்கார்ட் நோட்டு என் மேசைக்கு வந்தது. மதிப்பீடு செய்ய வேண்டிய பக்கத்தில் ‘நேர்த்தி’க்கு ஒரு கட்டம், ‘தூய்மை’க்கு ஒரு கட்டம். எதிர்ப்பக்கத்தில் ‘முடிவுற்ற பொருளின் மாதிரி’ ஒட்ட வேண்டிய இடத்தில் பழைய கல்யாணப் பத்திரிகை உறை ஒன்று. உள்ளே மடித்துவைத்த இருபத்தெட்டு வழிகள். “எல்லாம் வேற வேறயா இருக்கு சார், எதை ஒட்டுறதுன்னு தெரியலை” என்று கூடவே ஒரு துண்டுச் சீட்டு. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து முடித்து மதிப்பெண் போடத் திரும்பினேன். தாள்களிலிருந்து உதிர்ந்த செங்கல் தூள் படிந்து, ‘தூய்மை’க் கட்டம் சிவந்து கிடந்தது. தட்டிவிடாமல் அதன்மேலேயே முழு மதிப்பெண்ணை எழுதினேன்.